முன்சக்கர இயக்கக் காருக்கு இரண்டு டயர் மட்டும் மாற்றினால், புதியதை முன்னால் போடுவதா, பின்னால் போடுவதா?

பொள்ளாச்சிப் பயணி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பொள்ளாச்சியில் குடியிருக்கும் நான், வேலை நிமித்தமாக வாரம் இரண்டு நாள் வால்பாறைக்குக் காரில் போய்வருகிறேன். ஒரு வழிக்குச் சுமார் 65 கி.மீ.; ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள். மற்ற நாட்களில் கோயம்புத்தூர் நான்குவழிச் சாலையில்தான் ஓட்டம். முன்சக்கர இயக்கம் (எஞ்சினின் விசை முன்சக்கரங்களுக்குப் போவது) கொண்ட சிறிய கார். டயர் அளவு 185/65 ஆர்15 (அகலம் 185 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 15 அங்குலம்). நான்கு டயர்களும் காருடன் வந்தவை, 38,000 கி.மீ. ஓடியவை, ஒருமுறைகூட இடம் மாற்றிப் போடாதவை.

சென்ற வாரம் மழைத் தூறலில் இறங்கி வரும்போது, ஒரு வளைவுக்குள் நுழைந்த பிறகு வேகம் சற்றுக் கூடுதலோ என்று தோன்றியதால், ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்து பிரேக்கையும் தொட்டேன். வண்டியின் பின்பக்கம் ஒரு முழம் விலகிப் போய், பிறகு தானாகத் திரும்பி வந்தது. வேகம் 35-க்கு மேல் இருந்திருக்காது. எதிரே பேருந்து எதுவும் வராததால் இதை இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் டயர் கடைக்குப் போனேன். முன் டயர்களில் பட்டன் (சாலையில் படும் பள்ளமும் மேடுமான ரப்பர்) நன்றாகத் தேய்ந்துவிட்டது, பின்னிரண்டும் இன்னும் ஓடும், ஆகவே இரண்டு மட்டும் வாங்கி முன்னால் போட்டால் போதும் என்றார்கள். எஞ்சின், ஸ்டியரிங், பிரேக்கின் பெரும்பங்கு எல்லாம் முன்னால்தானே என்பது அவர்கள் சொன்ன காரணம். கூடவே, பிடிமானம் கூடும் என்று 195/65 அளவுக்கு மாறச் சொன்னார்கள். நண்பர் ஒருவரோ, மழைக்காலத்தில் காற்றை 28 பிஎஸ்ஐ-க்குக் (காற்றழுத்த அலகு) குறைத்து வைத்தாலே வழுக்காது என்கிறார். இப்போதைக்கு நான்கும் மாற்ற வசதியில்லை. இந்த மூன்றில் எதைக் கேட்பது, எதை விடுவது என்று அறிந்தவர்கள் தெளிவுபடுத்தினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கொங்கு ஓட்டுநர்

தம்பி, 22 ஆண்டுகளாக வாடகை வண்டி ஓட்டுகிறேன். ஊட்டி, ஏற்காடு, கொல்லிமலையின் 70 வளைவுகள் எல்லாம் பழகிய பாதைகள். கடைக்காரர் சொன்னது சரி. முன்சக்கர வண்டியில் முன் டயர் மொட்டையாக இருந்தால், ஈரமான ஏற்றத்தில் நின்று எடுக்கும்போது சக்கரம் அந்த இடத்திலேயே சுற்றும். வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி பள்ளத்தைப் பார்த்துத்தான் போகும். பின் டயர் வெறுமனே பின்னால் உருண்டு வருவதுதானே? நல்லதை முன்னால் போடுங்கள். காற்றைக் குறைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

ரப்பர் வாசம்

ஓட்டுநர் ஐயாவின் அனுபவத்தை மதிக்கிறேன். முடிவில் மட்டும் மாறுபடுகிறேன். 14 ஆண்டுகள் டயர் விற்பனையகம் ஒன்றில் வேலை பார்த்தவன் நான். ஆரம்ப ஆண்டுகளில் புதியதை முன்னால் மாட்டி எத்தனையோ பேரை அனுப்பியவனும் நானேதான்.

பின் டயர் வெறுமனே உருண்டு வருவதில்லை. வண்டி வளைவில் போகும்போது அதன் பின்பாதியை வெளியே வீசப்படாமல் பிடித்து நிறுத்துவது அந்த இரண்டு டயர்கள்தான். முன் டயர் பிடியை இழந்தால் ஓட்டுநருக்கு உடனே தெரிந்துவிடும்: ஸ்டியரிங் கையில் லேசாகும், வண்டி திருப்பிய அளவுக்குத் திரும்பாது. அப்போது ஆக்சிலரேட்டரை விட்டால் எடை முன்பக்கம் சாய்ந்து, முன் டயர் பெரும்பாலும் மறுபடி சாலையைப் பற்றிக்கொள்ளும். பயந்துபோனவர் யோசிக்காமல் செய்வதே அங்கே பலன் தந்துவிடும். பின் டயர் பிடியை இழப்பது வேறு கதை. அது ஸ்டியரிங்கில் தெரியாது. பின்பக்கம் விலகத் தொடங்கிய பிறகு இடுப்பில்தான் உணர முடியும். அந்நேரம் அதே பயத்தில் காலை எடுத்து பிரேக்கை மிதித்தால், பின்னால் இருக்கும் கொஞ்ச எடையும் முன்னால் போய், சறுக்கல் இன்னும் கூடும். எதிர்த்திசையில் ஸ்டியரிங்கைத் திருப்பிச் சமாளிக்கப் பயிற்சி வேண்டும். நம்மில் எத்தனை பேருக்கு அது உண்டு?

நீங்கள் எழுதியிருக்கும் நிகழ்ச்சி இதற்கு அப்படியே பொருந்துகிறது. இறக்கத்தில் வண்டியின் எடை ஏற்கெனவே முன்பக்கம் சாய்ந்திருக்கிறது. அதன்மேல் காலை எடுத்தீர்கள், பிரேக்கும் தொட்டீர்கள். பட்டன் உள்ள பின் டயருக்கே அந்தக் கதி என்றால், முன்னால் புத்தம் புதிய டயரும் பின்னால் பழையதும் இருக்கும் வண்டியில் முன்பக்கம் கெட்டியாகப் பிடித்து வளைய, பின்பக்கம் விலகுவது இன்னும் எளிதாகும். மிச்செலின் போன்ற பெரிய டயர் நிறுவனங்கள், எந்தச் சக்கர இயக்கமாக இருந்தாலும் புதிய ஜோடியைப் பின்னால் போடச் சொல்வது இதற்காகத்தான். ஆகவே தேய்ந்த முன் டயர்களைக் கழித்துவிட்டு, இப்போது பின்னால் இருப்பவற்றை முன்னால் கொண்டுவந்து, புதியவற்றைப் பின்னால் மாட்டுங்கள். ஓட்டுநர் ஐயா அஞ்சுகிற மொட்டை டயர் அப்போது முன்னாலும் இருக்காது.

நான்குவழிச் சாலைக்கும் இதே விடைதான், காரணம் மட்டும் வேறு. மலையில் உங்கள் வேகத்துக்குத் தண்ணீரைவிடச் சேறும், எண்ணெய்ப் பிசுக்கும், மர நிழலில் ஊறிக் கிடக்கும் சருகும்தான் எதிரி. சமவெளியில் 90-ல் போகும்போது தேங்கிய நீரின் மேல் டயர் மிதந்துவிடும் ஆபத்து உண்டு. 1963-ல் நாசா ஆய்வாளர்கள் விமான டயர்களை வைத்து இதற்கு ஒரு கணக்குச் சொன்னார்கள்: காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைச் சுமார் 16.7-ஆல் பெருக்கினால், டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் கிலோமீட்டரில் கிடைக்கும். 33 பிஎஸ்ஐ-க்கு ஏறக்குறைய 96. 25 பிஎஸ்ஐ-க்கு 83. பட்டன் பள்ளத்தைவிட ஆழமாக நீர் நிற்கும் இடத்துக்கான கணக்கு அது. காருக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் உங்கள் நண்பரின் யோசனை எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதை அது காட்டிவிடுகிறது. காற்றைக் குறைத்தால் டயர் மிதக்கும் வேகமும் குறைகிறது; போதாக்குறைக்கு, பட்டனின் நடுப்பகுதி உட்குழிந்து நீரை வெளியேற்றும் வேலையைச் சரியாகச் செய்வதில்லை. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் என்ன அளவு போட்டிருக்கிறதோ, அதைக் காலையில் வண்டி எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது வையுங்கள்.

195/65 வேண்டாம். 185/65 ஆர்15 டயரின் மொத்த விட்டம் சுமார் 621 மி.மீ.; 195/65 என்றால் சுமார் 634. மீட்டர் 80 காட்டும்போது வண்டி ஏறக்குறைய 82-ல் போகும், அது சிறிய விஷயம். அதே எடையை அகலமான டயரில் பரப்பினால் அது ஒதுக்கித் தள்ள வேண்டிய தண்ணீரும் கூடும் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. காய்ந்த சாலையில் கிடைக்கும் சிறு ஆதாயத்துக்காக மழையில் விட்டுக்கொடுப்பது, வால்பாறைக்குப் போகிறவருக்கு எதற்கு?

வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். அளவை ஒட்டி 88எச் என்பதுபோல் ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், எச் என்றால் மணிக்கு 210 கி.மீ. வேகம் வரை. காருடன் வந்ததைவிடக் குறைந்ததை வாங்காதீர்கள். டயரின் பக்கச்சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரமும் ஆண்டும்: 3519 என்றால் 2019-ன் 35-ஆவது வாரம். புதிய டயர் என்று விற்கப்படுவது கிடங்கில் எத்தனை கோடை கண்டது என்பது அதில் தெரிந்துவிடும்.

அளவுகோல்

மேலே எழுதியவரோடு உடன்படுகிறேன். இயற்பியல் ஆசிரியன் என்பதால் ஒரு கணக்கை மட்டும் சேர்க்கிறேன். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில், காய்ந்த தார்ச்சாலையின் உராய்வை 0.7 என்று கொண்டால், பிரேக் பிடித்த பிறகு சுமார் 9 மீட்டரில் வண்டி நிற்கும். சேறும் ஈரமும் கலந்து அது 0.3 ஆனால் 21 மீட்டர். அதே வழுக்கலோடு 8 சதவீத இறக்கமும் சேர்ந்தால் 28 மீட்டருக்கு மேல். ஆபத்தை மனம் உணர்ந்து உங்கள் கால் பிரேக்கை நோக்கிப் போகும் நேரம் இதில் சேரவில்லை. ஏபிஎஸ் இருந்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுமே தவிர, இல்லாத உராய்வை உண்டாக்காது. ஆகவே வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட்டு, ஏறும்போது பயன்பட்ட கியரிலேயே இறங்குவதுதான் முறை. கியரைக் குறைத்ததும் கிளட்சைப் பொத்தென்று விடாதீர்கள். ஈரச் சாலையில் அந்த ஓர் உதறலே முன்சக்கரங்களை வழுக்க வைக்கப் போதும்.

மலைமேல் குளிராக இருக்கிறதே, காற்று இறங்கியிருக்குமோ என்று சிலர் அங்கே போய் நிரப்புவார்கள். பொள்ளாச்சியில் 34 டிகிரியாகவும் வால்பாறையில் 20 டிகிரியாகவும் இருந்தால், குளிர்ச்சியால் 2 பிஎஸ்ஐ அளவு குறையும் என்பது உண்மை. ஆனால் அந்த உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமும் குறைவு என்பதால், மானி காட்டும் அளவு ஒன்றரை பிஎஸ்ஐ போலக் கூடும். ஒன்றை மற்றது ஏறத்தாழ ஈடுசெய்துவிடுகிறது, கைவைக்க வேண்டியதில்லை. டயரில் காற்றுக்குப் பதில் நைட்ரஜன் நிரப்புவது பற்றி யாரும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான்.

பொள்ளாச்சிப் பயணி

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. பட்டன் ஆழம் அளக்கும் சிறு கருவி ஒன்றும் காற்றழுத்த மானி ஒன்றும் வாங்கி, இன்று காலை வண்டியை எடுப்பதற்கு முன் நான்கு டயர்களையும் அளந்தேன். இரண்டு விஷயங்கள் வெளிப்பட்டன. இரண்டையும் கடையில் யாரும் சொல்லவில்லை.

பின் இடது டயரில் காற்று 24 பிஎஸ்ஐ மட்டுமே இருந்தது. தாளில் போட்டிருப்பது 33. ஈரக்கையால் தடவிப் பார்த்ததில், பட்டனின் பள்ளத்துக்குள் ஒரு சிறிய ஆணி, தலை தேய்ந்து ரப்பரோடு ரப்பராக உட்கார்ந்திருந்தது. சோப்புநீர் விட்டதும் அரிசிமணி அளவில் குமிழிகள் வந்தன. அன்று வளைவில் பின்பக்கம் விலகியதில் இதற்கும் பங்கு இருக்குமோ?

முன் டயர்களை நின்றபடி பார்த்தால் வெளி ஓரத்தில் 3 மி.மீ. இருக்கிறது. ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துவைத்து, குனிந்து உள் ஓரத்தை அளந்தால் ஒன்றரைதான். பள்ளத்துக்குள் இருக்கும் அந்தச் சிறு மேடும் பட்டனும் அங்கே சமமாகிவிட்டன. பின் டயர்களில் 4.5 மி.மீ. இருக்கிறது, பக்கச்சுவரில் வெடிப்பு இல்லை.

ரப்பர் வாசம்

அந்த மேடு 1.6 மி.மீ. உயரத்தில் வைக்கப்படும் எல்லைக்குறி. சட்டப்படியும் நம் நாட்டில் அதுதான் கடைசி அளவு. ஓர் இடத்தில் சமமானாலும் அந்த டயரின் ஆயுள் முடிந்தது. மழையில் மலையேறுகிறவர் அதுவரை காத்திருக்கவே கூடாது என்பது என் கருத்து, 3 மி.மீ.-யிலேயே மாற்றிவிடச் சொல்வேன்.

முன்னிரண்டிலும் உள் ஓரம் மட்டும் தேய்வது அலைன்மெண்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) தவறியதன் அடையாளம். அதைச் சரிசெய்யாமல் மாட்டினால், முன்னால் வரப்போகும் 4.5 மி.மீ. டயர்களும் அதே வழியில் போய்விடும். கீழே சக்கரத்தைத் தாங்கும் இணைப்புகளான புஷ், பால் ஜாயிண்ட் ஆடுகிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்; ஆட்டம் இருக்கும் வண்டிக்கு அலைன்மெண்ட் செய்வது வீண்செலவு.

24 பிஎஸ்ஐ விஷயத்தில் உங்கள் சந்தேகம் நியாயமானதே. காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் வளைவில் மடங்கிக் கொடுக்கும். பின்பக்கம் தள்ளாட அதுவும் காரணமாகியிருக்கலாம். பட்டன் பகுதியில்தான் ஆணி என்பதால் பஞ்சர் ஒட்டலாம். டயரைக் கழற்றி உட்புறம் சேதமில்லை என்று பார்த்த பிறகு ஒட்டச் சொல்லுங்கள். ஸ்டெப்னியிலும் காற்று பாருங்கள். (அந்தப் பெயர் வேல்ஸ் நாட்டின் லனெல்லி ஊரில் 1904-ல் உதிரிச் சக்கரம் செய்யத் தொடங்கிய கடை இருந்த தெருவின் பெயர். ஊர் மறந்துவிட்டது, தெரு நம் டிக்கியில் கிடக்கிறது.)

கொங்கு ஓட்டுநர்

உள் ஓரம் ஒன்றரை என்றால் அந்த முன் டயரோடு நாளை மலையேற வேண்டாம், தம்பி. இந்த வாரம் பேருந்தில் போய்வாருங்கள். பின்னால் போடும் விஷயத்தில் இன்னும் மனம் முழுதாக ஒப்பவில்லை. ஆனால் பழைய பின் டயர் 4.5 இருக்கிறது என்பதால் உங்கள் வண்டிக்கு மறுப்புச் சொல்ல மாட்டேன். பின்னால் இரண்டே மி.மீ. இருந்திருந்தால் நான்கும் மாற்று என்றுதான் சொல்லியிருப்பேன்.

பொள்ளாச்சிப் பயணி

அப்படியே செய்கிறேன் ஐயா. பேருந்தில் போய்வந்த பிறகு, சனிக்கிழமை கடையில் வண்டியை விடுகிறேன். அதே 185/65 அளவு, புதியது பின்னால், பழைய பின் டயர் முன்னால், அதற்கு முன் புஷ் சோதனையும் அலைன்மெண்டும் என்று தொலைபேசியில் சொல்லிவிட்டேன். "வழக்கமாக யாரும் இப்படிக் கேட்கமாட்டார்கள், நான்கு சக்கரத்தையும் கழற்ற வேண்டும், கூலி கூடும்" என்றார்கள். கூடட்டும் என்றேன்.