ஸ்னோமொபைல்: 'பனிச்சறுக்கு வண்டி' என்ற சொல் பொருந்துமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

வடக்குப் பின்லாந்துக்குச் சுற்றுலா செல்லும் மலேசியர்களுக்காக நான் மொழிபெயர்த்து வரும் கையேட்டில், பனியின் மீது ஓட்டும் மோட்டார் வண்டியான ஸ்னோமொபைல் ஒன்றின், புதிய வகையின், அமைப்பை விளக்கும் நான்கு பக்கங்கள் உள்ளன. சென்ற வாரம் நான் இதற்குத் தமிழ்ச் சொல் கேட்டபோது உங்களில் மூவர் 'பனிச்சறுக்கு வண்டி' என்று எழுதியிருந்தீர்கள். அதை வைத்தே மூன்று பக்கங்களை முடித்தேன். நான்காம் பக்கத்தில் அது காலை வாரிவிட்டது.

சறுக்குதல் என்றால் நம் காதுக்கு மேலிருந்து கீழே வழுக்கி வருவதுதான். இந்த வண்டியோ மேட்டில் ஏறுகிறது. அதில் சறுக்குபவை முன்னால் உள்ள இரண்டு பலகைகள் மட்டுமே. அவையும் வண்டியைச் செலுத்துவதற்காக அல்ல, திருப்புவதற்காகவே உள்ளன. அடியில் பதித்த கடின உலோகக் கம்பி இறுகிய பனியைக் கவ்வுவதால்தான் வண்டி வளைந்து செல்கிறது. முன்னே தள்ளும் வேலை முழுவதும் இருக்கைக்கு அடியில் சுழலும் ரப்பர் பட்டையுடையது. அதன் அகலம் பெரும்பாலும் 15 அங்குலம். மேற்பரப்பில் துடுப்புகளைப் போல நிற்கும் முகடுகள், மலைப்பகுதியின் ஆழ்ந்த பனிக்கான வண்டிகளில் 3 அங்குல உயரம் வரை இருக்கும். கனடாவின் கியூபெக் மாநிலத்தைச் சேர்ந்த ஜோசப்-அர்மான் பொம்பார்டியே 1937ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றதும் பற்சக்கரமும் பட்டையும் சேர்ந்த இந்த அமைப்புக்குத்தான். ஆகவே பேருந்து, மகிழுந்து, சரக்குந்து என்று நாம் எழுதிப் பழகிய வரிசையில் 'பனியுந்து' என்பதை முன்வைக்கிறேன்.

அந்தப் பட்டைக்கும் ஒரு பெயர் வேண்டும். பீரங்கி வண்டிக்கும் மண்வாரி இயந்திரத்துக்கும் நாம் சொல்லும் 'சங்கிலி' இங்கே உதவாது. இவ்வண்டிகள் பலவற்றில் பட்டையைச் சுழற்றும் தண்டுக்கு விசையைக் கொண்டு செல்ல, எண்ணெய் நிரம்பிய பெட்டிக்குள் உண்மையாகவே ஒரு சங்கிலி ஓடுகிறது. 'தடப்பட்டை' என்றால், வண்டி செல்லும் பாதையைத் தடம் என்று எழுதியிருக்கும் அதே பக்கத்தில் குழப்பம் வரும். 'உந்துபட்டை' என்பது என் பரிந்துரை.

இதைவிட என்னை அலைக்கழித்தது, இயந்திரத்தின் விசையை வேகத்துக்கு ஏற்ப மாற்றித் தரும் வேகமாற்றிதான். முதல் வரைவில், கியரைப் பல்லிணை என்று கொண்டு, 'தொடர் பல்லிணை மாற்றி' என்று எழுதி வைத்திருந்தேன். செந்தூலில் என் ஸ்கூட்டரைப் பழுது பார்க்கும் பட்டறையில் ஒரு நாள் பக்கவாட்டு மூடியைக் கழற்றியபோது, ஒன்றையொன்று பார்த்த இரண்டு கூம்புத் தட்டுகளும் அவற்றின் இடுக்கில் ஒரு கறுப்பு வாரும் தெரிந்தன. வேகம் கூடக் கூட உள்ளிருக்கும் உருளைகள் வெளிப்பக்கம் நகர்ந்து தட்டுகளை நெருக்குகின்றன, வார் விளிம்பை நோக்கி ஏறுகிறது என்று பட்டறைத் தம்பி விரலால் காட்டினார். பல்லிணை எங்கே என்று கேட்டேன். "இதுல கியரே இல்லையே, அண்ணே," என்றார். பனியுந்திலும் தத்துவம் அதுவே. உருளைகளுக்குப் பதிலாக விலகி விரியும் சிறு எடைக்கைகள் இருக்கும். படிப்படியாக மாற்றும் வழக்கமே இல்லாததால் 'படியிலா வேகமாற்றி' என்று திருத்தினேன். அந்த வாருக்கு முதலில் 'செலுத்துவார்' என்று பெயரிட்டுவிட்டு, வரி செலுத்துவாரா, கட்டணம் செலுத்துவாரா என்று நானே சிரித்து, 'இயக்கவார்' என்று மாற்றிக்கொண்டேன்.

உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்,
கோலாலம்பூரிலிருந்து

*

ஐயா, வணக்கம்.

உந்துபட்டையை மனமார ஏற்கிறேன். பனியுந்தில் எனக்கு இரண்டு தயக்கங்கள் உள்ளன. பொம்பார்டியே 1959இல் விற்பனைக்குக் கொண்டுவந்த இலகுவான வண்டியின் பெயரே 'ஸ்கீ-டூ' என்பதாகும். சறுக்குப் பலகை அதன் பெயரிலேயே இருக்கிறது. நீங்கள் குறிப்பிடும் பின்லாந்து மக்களும் அதை 'மோட்டோரிகெல்க்கா', அதாவது மோட்டார் பொருத்திய சறுக்குவண்டி என்றுதான் அழைக்கிறார்கள். அடுத்தது, பனி என்றால் நமக்கு முன்பனியும் பின்பனியும் விடியற்காலைப் புல்நுனியும்தான். மலாய் மொழியில் 'சல்ஜி' என்றால் வானிலிருந்து விழும் வெண்பனிதான், வேறு பொருளுக்கு இடமில்லை. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் பனியைப் படமாக வரையச் சொல்லிப் பாருங்கள், பாதிப் பேர் மூடுபனியை வரைவார்கள். 'வெண்பனியுந்து' என்றால் என்ன?

பினாங்கிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியை

*

அம்மா அவர்களுக்கு வணக்கம்.

ஸ்கீ-டூ ஒரு நிறுவனம் தன் வண்டிக்கு இட்ட வணிகப் பெயர். அந்த வண்டி பிறந்த கியூபெக்கிலேயே இவ்வகை வண்டிகளுக்கான பிரெஞ்சுப் பொதுப்பெயர் 'மோட்டோநேஜ்'. அதில் மோட்டாரும் பனியும் உண்டு, சறுக்கல் இல்லை. ரஷ்யரின் 'ஸ்னெகஹோத்' பனியில் செல்வது என்றே பொருள்படும். பின்லாந்துச் சொல் உங்கள் பக்கம்தான், மறுக்கவில்லை. ஆயினும் 'கெல்க்கா' அவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பனியில் இழுத்துச் சென்ற வண்டி. அதில் மோட்டாரைப் பொருத்தியதும் பழைய பெயர் கூடவே வந்தது. நம்மிடம் அப்படி ஒரு வண்டி இருந்ததில்லை. நம் நாட்டுச் சுற்றுலாத் தலமான கெந்திங் மலையின் உள்ளரங்கச் செயற்கைப் பனியில் அரை மணி நேரம் நடுங்கியதே நம்மில் பலருக்குப் பனி அனுபவம்.

'வெண்பனி' தனியே நிற்கும்போது தேவை. கையேட்டின் முதல் வரியில் அதைச் சேர்த்துவிட்டேன். புல்நுனிப் பனிக்கு எவரும் வண்டி செய்யப்போவதில்லை என்பதால், உந்துடன் சேரும்போது பனி மட்டும் போதும்.

நான்காம் பக்கத்தில் என்ன ஆயிற்று என்று சொல்லாமல் விட்டேன். நீரால் குளிரும் இயந்திரமாக இருந்தாலும், பெரும்பாலான பனியுந்துகளில் காரைப் போல முன்புறக் காற்றை நம்புவதில்லை. உந்துபட்டை வாரி இறைக்கும் பனி, அதற்கு மேலே, இயந்திரத்தின் சூடான நீர் ஓடும் வெப்பமாற்றியில் பட்டு உருகுவதால்தான் சூடு தணிகிறது. பட்டையைத் தாங்கும் தண்டவாளங்களின் பிளாஸ்டிக் விளிம்புக்கு உயவுப்பொருளும் அதே பனிதான். வழவழப்பான பனிக்கட்டியின் மீது ஓட்டினால் இறைக்கப் பனி கிடைக்காது. இயந்திரம் கொதிக்கும், பிளாஸ்டிக் தேயும். அதற்காகவே பின்புறம் இரண்டு வளைந்த கம்பிகளைத் தரையில் உரசவிட்டுப் பனித்தூளைக் கிளப்புகிறார்கள். 'பனிச்சறுக்கு வண்டி' என்ற சொல்லோடு இந்தப் பத்தியை எழுதியபோது, நன்றாகச் சறுக்கும் பனிக்கட்டியில் சறுக்கு வண்டி ஏன் கெட வேண்டும் என்று வாசகர் கேட்கும்படி அமைந்துவிட்டது. இப்போது இப்படி எழுதியிருக்கிறேன்: "பனிக்கட்டி படர்ந்த ஏரியின் மீது பனியுந்தை ஓட்டும் முன், உந்துபட்டைக்குப் பனி கிடைக்கும்படி பனிகீறிகளைக் கீழே இறக்கிவிடவும்."

அந்தப் பின்புறக் கம்பிகளுக்கு இட்ட 'பனிகீறி' என் கைச்சரக்கு. அதைவிடக் கூர்மையான சொல் வைத்திருப்பவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். அன்று மாலை கையேடு அச்சகத்துக்குப் போகிறது.