அழுகவும் இல்ல, அழவும் இல்ல

குழு: மேட்டு லயம் குடும்பம்

சின்னம்மா (தலவாக்கலை): மகளோட இங்கிலீஷ் பந்தியில ‘ஹர் கிராண்ட்பேரன்ட்ஸ் ஸ்பாயில் ஹர் ரொட்டன்’னு ஒரு வரி வருது. “தாத்தாவும் அப்பாயியும் அவளை அழுக வச்சாங்க”ன்னு தமிழ்ல மாத்தி எழுதியிருக்கா. சரியா?

தம்பி (ஹட்டன்): அழுகவா அழவா? தாத்தா என்ன அடிச்சாரா 😂

அக்கா (பண்டாரவளை): ரெண்டும் இல்ல. கேட்டதெல்லாம் வாங்கிக் குடுத்து, கண்டிக்காம, அளவுக்கு மீறிச் செல்லம் குடுக்குறாங்கன்னு அர்த்தம். ரொட்டன்னா தனியா ‘அழுகின’தான். ஆனா இந்த இடத்துல அது பழத்தைப் பத்திப் பேசல, எவ்வளவு செல்லம்னு அளவு சொல்லுது. ‘ஃபேன்சி சம்வன் ரொட்டன்’னும் பிரிட்டிஷ்காரங்க சொல்லுவாங்க, ஒருத்தர் மேல கொள்ளை ஆசைன்னு. அங்கயும் அழுகல் ஒண்ணும் இல்ல.

மாமா (ஹட்டன்): நம்மள்ட்ட அப்படியே இருக்கே புள்ள. ‘செல்லங் குடுத்துக் குட்டிச்சுவராக்கிட்டாங்க’. சுவரைப் பத்தியா பேசுறோம்?

அக்கா: கட்டுமானம் அச்சா அதேதான் மாமா. கெடுக்குறது, கெடுத்து எந்த நிலைக்குக் கொண்டுபோறது, ரெண்டும் சேர்ந்து வருது. ஆனா தொனி ஒண்ணில்ல. குட்டிச்சுவர்னா திட்டு மட்டும்தான். ஸ்பாயில் ரொட்டன் பாதி நேரம் கொஞ்சல். விருந்துக்குப் போயிட்டு வந்து ‘யூ ஸ்பாயில்ட் அஸ் ரொட்டன்’னு வீட்டுக்காரங்களுக்கு மெசேஜ் போட்டா அது நன்றி. “எங்களைக் குட்டிச்சுவராக்கிட்டீங்க”ன்னு தமிழ்ல போட்டுப் பாருங்க, அடுத்த தடவை கூப்பிடுவாங்களா?

மாமா: 🙏

சின்னம்மா: அப்ப பந்தியில திட்டா கொஞ்சலான்னு எப்படிப் பிடிக்கிறது?

அக்கா: யார் சொல்றாங்க, அடுத்த வரி என்ன, ரெண்டையும் பாருங்க. அடுத்த வரியில பொம்மை, கேக், பயணம்னு வந்தா ‘தலைமேல தூக்கி வச்சுக் கொண்டாடுறாங்க’ன்னு எழுதலாம். சொல்பேச்சு கேக்கமாட்டா, எதிர்த்துப் பேசுறான்னு வந்தா ‘செல்லங் குடுத்துக் கெடுத்து வச்சிருக்காங்க’. ‘ஸ்பாயில்ட் பிராட்’னு வந்தா யோசிக்கவே வேணாம், அது வசவு.

தம்பி: இடம் மாத்தி ‘ஸ்பாயில் ரொட்டன் ஹர்’னு எழுதலாமா அக்கா?

அக்கா: கூடாது. ஆள் நடுவுல, ரொட்டன் கடைசியில. நம்ம புள்ளைங்க அதிகமா விடுற பிழை இதுதான், தமிழ்ல சொல்லை எப்படி மாத்தினாலும் அர்த்தம் நிக்கும்ங்குற பழக்கம். ‘வெரி ரொட்டன்’ போடக் கூடாது, ஏற்கனவே அதுதான் ‘ரொம்ப’. ‘ரொட்டன்லி’யும் வராது. செயப்பாட்டுல ‘ஷீ இஸ் ஸ்பாயில்ட் ரொட்டன்’, ஆள் முன்னுக்குப் போயிரும், ரொட்டன் அசையாது. ஸ்பாயில்ட் கடைசியில டீ எழுத்து மட்டும் போடுறது (spoilt) பிரிட்டிஷ் வழக்கம். ஈ, டி ரெண்டும் போடுறது (spoiled) அமெரிக்க வழக்கம், பிரிட்டன்லயும் எழுதுறாங்க. ரெண்டும் சரி, ஒரே கட்டுரையில கலக்காதீங்க.

மாமா: பால் பழுதாப் போனதுக்கும் இந்த ஸ்பாயில்தானே?

அக்கா: அதுக்கும் வரும். பேச்சுல பாலுக்கு ‘கோன் ஆஃப்’தான் அதிகம். மூலம் லத்தீன்ல ‘ஸ்போலியாரே’, உரிச்செடுக்குறது, கொள்ளையடிக்கிறது. போர்ல அடிச்ச கொள்ளைக்கு இன்னும் ‘ஸ்பாயில்ஸ்’னுதான் பேர். கொள்ளை, அப்புறம் நாசம், அப்புறம் புள்ளையைக் கெடுக்குறதுன்னு அர்த்தம் நகர்ந்து வந்திருக்கு. ‘ஸ்பாயில்ட் ஃபோர் சொய்ஸ்’ வேற கதை, எதை எடுக்குறதுன்னு தெரியாத அளவுக்கு நிறைய இருக்குன்னு அர்த்தம். அது செல்லம் குடுக்குறதைப் பத்திப் பேசல.

தம்பி: ‘வெயிட் ஒன் ஹேண்ட் அன்ட் ஃபுட்’டும் இதேதானே?

அக்கா: பக்கத்து வீடு, ஒரே வீடில்ல. அது பணிவிடை: தண்ணி மோந்து குடுத்து, தட்டைக் கழுவி, உக்காந்த இடத்துலயே எல்லாம் செஞ்சு குடுக்குறது. ‘வெயிட் ஃபோர்’னா காத்திருக்குறது, ‘வெயிட் ஒன்’னாதான் பணிவிடை. ரெண்டு கை ரெண்டு கால்னு நினைச்சு ‘ஹேண்ட்ஸ் அன்ட் ஃபீட்’னு பன்மையாக்கினா பிழை. ‘ராப் இன் கொட்டன் வூல்’னு இன்னொண்ணு, பஞ்சுல பொத்தி வைக்கிறது. மழையில நனையாத, மரத்துல ஏறாதன்னு எதுக்கும் விடாம காக்குறவங்களுக்கு அது பொருந்தும். காசு குடுத்துச் செல்லம் குடுக்குறவங்களுக்குப் போட்டா தப்பு.

சின்னம்மா: ‘பேம்பர்’?

அக்கா: அது மென்மை. இடைக்கால இங்கிலீஷ்ல வயிறு முட்ட ஊட்டுறதுக்குச் சொன்ன சொல். இப்ப எண்ணெய் தேய்ச்சு மசாஜ் பண்ணிக்கிட்டாலும் பேம்பர்தான், யாரும் கெட்டுப்போகத் தேவையில்ல.

மாமா: நானும் ஒரு வசனம் எழுதிட்டேன். ‘மை சிஸ்டர் ஸ்பாயில்ஸ் ரொட்டன் த டோக்.’

அக்கா: நாயைத் தூக்கி நடுவுல வைங்க மாமா.

மாமா: ‘ஸ்பாயில்ஸ் த டோக் ரொட்டன்.’

அக்கா: 👍 நாய்க்கும் தாராளமாச் சொல்லலாம்.

சின்னம்மா: சரி, மகள்ட்ட ‘தலைமேல தூக்கி வச்சு’ன்னு மாத்தி எழுதச் சொல்றேன். அடுத்த வரியில பொம்மைதான் வருது.