செட்டிபாளையத்துச் சாமியும் ஆலிஸ் கோல்ட்ரேனின் ஹார்ப்பும்

போத்தனூர்க்காரன்:

பிடித்த ஆல்பம் எது என்று கேட்டால் எல்லோரும் பேரை மட்டும் போட்டுவிட்டுப் போய்விடுகிறீர்கள். அது உங்கள் காதுக்கு எந்த வழியாக வந்து சேர்ந்தது என்பதுதான் எனக்கு வேண்டும். சரி, நானே ஆரம்பித்து வைக்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்லப்போவது 1971-இல் அமெரிக்காவில் வந்த ஒரு ஜாஸ் ஆல்பம். ஆலிஸ் கோல்ட்ரேனின் 'ஜர்னி இன் சச்சிதானந்தா'. பேரைப் பார்த்தால் யோகா வகுப்பில் ஊதுவத்திப் புகையோடு சேர்த்து ஓடவிடும் சமாச்சாரம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஜான் கோல்ட்ரேனின் சாக்ஸபோனை ஒரு காலத்தில் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன், அவர் மனைவியும் பெரிய வாத்தியக்காரர் என்று படித்து, அந்தம்மா என்னதான் வாசித்திருக்கிறார் என்று தேடியபோது இது கையில் கிடைத்தது. போனில் இருக்கும் பாட்டுச் செயலி ஒன்றும் தானாகக் கொண்டுவந்து கொடுக்கவில்லை. அது இன்னமும் நான் ஏற்கெனவே கேட்டதையே சட்டை மாற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஸ்பீக்கரில் ஓடவிட்டிருந்தேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே, "இதென்ன கண்ணு, தம்பூரா மாட்டக் கேக்குது, பாட்டே வல்லியே" என்றார். பாட்டு வராதும்மா, வெறும் வாத்தியம்தான் என்று ஆல்பத்தின் பேரைச் சொன்னேன். "எந்தச் சச்சிதானந்தா? நம்ம செட்டிபாளையத்துச் சாமியா? அவரு அமெரிக்காவுக்குப் போனவருதான" என்றார். அம்மா பிறந்த ஊர் அந்தப் பக்கம். எனக்குச் செட்டிபாளையம் என்றால் கரி மோட்டார் ஸ்பீட்வேயும் அங்கே நடக்கும் பந்தயங்களும்தான் ஞாபகம் வரும். நியூயார்க் ஜாஸுக்கும் அந்த ஊருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லையே என்று எதற்கும் தேடிப் பார்த்தால், அம்மா சொன்னதேதான்.

சுவாமி சச்சிதானந்தா 1914-இல் செட்டிபாளையத்தில் பிறந்தவர். வீட்டில் வைத்த பேர் ராமசாமி. ரிஷிகேசத்தில் சிவானந்தரிடம் சந்நியாசம் வாங்கி, இலங்கையில் பல வருடம் இருந்துவிட்டு, 1966-இல் நியூயார்க் போயிருக்கிறார். 1969 ஆகஸ்டில் உட்ஸ்டாக் இசைவிழா நடந்ததே, அந்த மேடையில் ஏறித் தொடக்க உரை பேசியவரும் இவர்தான். காவி உடுத்தி நீளத் தாடியோடு ஒருவர் அந்தக் கூட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். போத்தனூரிலிருந்து கூப்பிடு தூரத்து ஊர்க்காரர் அவர் என்று இத்தனை நாள் எனக்கு எவரும் சொல்லவில்லை.

ஆலிஸின் கதை வேறு. கணவர் ஜான் 1967-இல் போய்விட்டார், வயது 40. சின்னச் சின்னக் குழந்தைகளோடு, தூக்கமும் இல்லாமல் சாப்பாடும் இறங்காமல் கிடந்த ஆலிஸுக்குப் பிடிப்பாகக் கிடைத்தவர் சச்சிதானந்தா. 1970 நவம்பரில், லாங் ஐலண்டில் தன் வீட்டிலேயே இருந்த ஸ்டுடியோவில் இந்த ஆல்பத்தின் முதல் நான்கு உருப்படிகளைப் பதிவு செய்திருக்கிறார். குருவோடு இந்தியா கிளம்பவிருந்த நேரம் அது. 'ஸ்டாப்ஓவர் பாம்பே' என்று மூன்று நிமிடம்கூட வராத ஒரு துண்டு இருக்கிறது, அந்தப் பயணத்தை நினைத்து வைத்த பேர்தான்.

இசை எப்படி என்றால்: அடியில் தம்பூரா. அதன்மேல் செசில் மெக்பீயின் டபுள் பாஸ் (ஆள் உயரத்துக்கு நிற்கும், அடிக்குரல் தந்தி வாத்தியம்) ஒரு சின்ன வரியைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வருகிறது, விடுவதே இல்லை. அப்புறம் ஆலிஸின் ஹார்ப், நம்ம யாழ் மாதிரியான வாத்தியம், மதகைத் திறந்துவிட்ட மாதிரி. ஃபேரோ சாண்டர்ஸ் சொப்ரானோ சாக்ஸோடு வந்து சேர்ந்து, கத்தாமல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல வாசிக்கிறார் (மற்ற ஆல்பங்களில் அந்த மனிதர் போடும் கூச்சலைக் கேட்டவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்). கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு முதலில் எரிச்சல்தான் வரும். தம்பூரா போட்டாகிவிட்டது, இதோ ஆலாபனை வரும், ராகம் பிடிபடும் என்று காது காத்திருக்கும், அது வராது. ராகத்தைத் தேடுவதை விட்டுவிட்டு அந்த பாஸ் வரியின் கூடவே நடந்துகொண்டிருந்தால் போதும். பொள்ளாச்சி ரயிலில் கிணத்துக்கடவு தாண்டித் தென்னந்தோப்பு ஓடுகிற நேரத்தில் கேட்டேன், இறங்க மனமில்லை.

இப்போது நீங்கள் சொல்லுங்கள்.

கோபி பஸ் ரசிகன்:

தம்பி, ஜாஸ் எனக்குச் சரிப்படாது, ஆனால் 'எந்த வழியாக வந்தது' என்று கேட்டதால் சொல்கிறேன். எங்கள் காலத்தில் ரெக்கார்டிங் சென்டர் என்று ஒன்று இருந்தது. வேண்டிய பாட்டை வரிசையாகத் தாளில் எழுதி, வெறும் கேசட் ஒன்றையும் வைத்துவிட்டு வந்தால் இரண்டு மூன்று நாளில் பதிந்து வைத்திருப்பார்கள். பாட்டு முடிந்து நாடா மீதி இருந்தால் கடைக்காரர் தன் இஷ்டத்துக்கு எதையாவது போட்டு நிரப்பிவிடுவார், கேட்கவும் மாட்டார், அட்டையில் எழுதவும் மாட்டார். அப்படி என் கேசட் ஒன்றின் பி பக்கக் கடைசியில், சினிமாப் பாட்டுக்கெல்லாம் பின்னால், திடீரென்று ஒரு வயலின் பிய்த்துக்கொண்டு ஓடும். பாதியிலேயே நாடா முடிந்து டப்பென்று நின்றுவிடும். அந்தப் பாதியை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை, பேர் தெரியாது, முடிவு எப்படி இருக்கும் என்றும் தெரியாது. கடைக்காரரைக் கேட்டால் "எதோ வயலினுங்க, நல்லா இருக்குதேன்னு போட்டுட்டனுங்க" என்கிறார், அவ்வளவுதான்.

வெகுகாலம் கழித்துத்தான், அது 1986-இல் இளையராஜா செய்த 'ஹௌ டு நேம் இட்' ஆல்பத்தில் வரும் 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்று தெரிந்தது. வாசித்தவர் வி. எஸ். நரசிம்மன். தியாகராஜருக்கும், பாக் என்ற ஜெர்மன் இசைமேதைக்கும் சமர்ப்பணம் செய்த ஆல்பம் அது. அப்புறம் என் பெண் காலேஜில் படிக்கும்போது பாக்கின் மூலத்தையே எடுத்துக் கொடுத்தாள், தனி வயலினுக்கு எழுதிய மூன்றாவது பார்ட்டிட்டாவின் (பல பகுதிகளைக் கோத்த இசைத்தொகுப்பு) முதல் பகுதி. அங்கே ஒரே ஒரு வயலின், துணைக்கு ஆளே இல்லை. நம்மவர் அதைச் சுற்றி ஒரு கூட்டத்தையே உட்கார வைத்திருக்கிறார். இரண்டில் எது உசத்தி என்று பெண் கேட்டாள். என் ஓட்டு அந்த டப்பென்று நிற்கும் பாதிக்குத்தான், அதை யாரும் மாற்ற முடியாது.

இன்னொன்று, இன்றைக்கும் புதுசாக எதுவும் வேண்டும் என்றால் ஈரோடு பஸ்தான். நம்ம பக்கத்துத் தனியார் பஸ்ஸில் ஸ்பீக்கருக்குச் செலவழித்த காசில் இன்னொரு பஸ்ஸே வாங்கலாம். டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட், அதில் உட்கார்ந்தால் தபேலா தனியாக, பேஸ் தனியாக வந்து விழும்.

காங்கயத்து மருமகள்:

நான் சொல்வது ஆல்பம் இல்லைங்க, பரவாயில்லையா? எங்கள் பக்கத்தில் ஓலப்பாளையம் என்று ஊர் இருக்கிறது. பிரெண்டா பெக் என்ற கனடா நாட்டு மானுடவியலாளர் 1960களில் அங்கே வந்து தங்கி ஆராய்ச்சி செய்திருக்கிறார். 1965-இல் அண்ணன்மார் கதையை, அதாவது பொன்னர் சங்கர் கதையை, உடுக்கை அடித்துப் பாடுகிறவர்கள் இரவு இரவாகப் பாட, அதை டேப்பில் பதிந்து வைத்தார். பிறகு புத்தகமாகவும் கொண்டுவந்தார். அதே பாடகர் ஊர்க் கூட்டத்துக்கு முன் பாடியதும், தனியாக உட்கார்ந்து சொல்லி எழுதவைத்ததும் எவ்வளவு மாறுகிறது என்றுகூட ஒப்பிட்டு எழுதியிருக்கிறார்.

கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு உடுக்கடிப் பாட்டு என்றால் ஒலிபெருக்கியில் தூக்கத்தைக் கெடுக்கும் சத்தம், அவ்வளவுதான். நான் சென்னையில் ஏ. ஆர். ரஹ்மான் கேட்டு வளர்ந்தவள். போன வருடம் யாரோ அனுப்பிய பழைய உடுக்கடிப் பதிவு ஒன்றை என் வீட்டுக்காரர் போனில் வைத்தார். யார் பாடியது, எந்த வருடம் என்ற விவரம் எதுவும் இல்லை, இரைச்சல் வேறு. கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த மாமா எழுந்து உட்கார்ந்துவிட்டார். பாடகர் அடுத்த அடியைத் தொடங்கும் முன்னால் இவர் சொல்லிவிடுகிறார். தங்கை தங்காள், இறந்து கிடக்கும் அண்ணன்மாரைத் தேடிப் படுகளம் போகும் இடம் வந்தபோது, "இங்க உடுக்கை மெதுவாப் போகும் பாரு சாமி" என்றார், போனது. உடுக்கையின் இடுப்புக் கயிற்றை இறுக்கித் தளர்த்தி அந்தச் சத்தத்தை அழவைப்பது அன்றைக்குத்தான் எனக்குக் காதில் ஏறியது. போத்தனூர் அண்ணா சொன்ன பாஸ் வரி மாதிரி இதுவும் விடாமல் சுற்றுவதுதான், ஆனால் மேலே ஒரு கதை ஓடிக்கொண்டே இருக்கிறது, அதனால் சலிப்பதில்லை.

பல்லடம் தறி:

உங்கள் ஹார்ப் வயலின் எதுவும் தறிக் குடோனில் கேட்காதுங்க. எங்களுக்குச் சத்தத்துக்கு மேலே ஏறி வருகிற குரல் வேண்டும். ஹிப்ஹாப் ஆதி 2012-இல் போட்ட 'ஹிப் ஹாப் தமிழன்' ஆல்பம் அப்போது எங்கள் ஷெட்டில் மாதக்கணக்கில் ஓடியது, பையன் கோவைக்காரன் வேறு. தறி ஓடும் கணக்குக்கு வார்த்தை சரியாக விழும். இப்போது சினிமாவுக்குப் போனபின் அந்தக் காரம் இல்லை என்பது என் கருத்து, சண்டைக்கு வராதீர்கள்.

திருப்பூர் சாம்பிள் ரூம்:

போத்தனூர் அண்ணா, நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றைச் சொல்கிறேன். கானவ்யா என்ற பாடகி, நியூயார்க்கில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர். 2024-இல் 'டாட்டர் ஆஃப் எ டெம்பிள்' என்று ஒரு ஆல்பம் போட்டார். ஹூஸ்டனில் 30-க்கும் மேற்பட்ட கலைஞர்களைக் கூட்டிவைத்துச் செய்தது. உங்கள் ஆலிஸ் அம்மாவை மனதில் வைத்து எடுத்ததுதான், அந்த சச்சிதானந்தா உருப்படியும் அதில் இருக்கிறது, குரலோடு. எங்கள் கம்பெனிக்கு வந்த ஜெர்மன் பையர் காரில் போட்டுக்காட்டினார். பனியன் அளவு சரியில்லை என்று காலையிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்திருந்த ஆள், இதைப் போட்டதும் பேச ஆரம்பித்தார். நான் பாதிதான் கேட்டேன், அவினாசி ரோடு டிராஃபிக்கில் அந்தப் பாதி முழுதாகவே கிடைத்தது.

போத்தனூர்க்காரன்:

திருப்பூர்த் தம்பிக்குப் பெரிய நன்றி, இன்று ராத்திரிக்கு அதுதான். கோபி அண்ணா, ஜாஸ் வேண்டாம் என்றால் ஆலிஸின் வேறொரு பக்கம் இருக்கிறது. பின்னாளில் கலிபோர்னியாவில் ஆசிரமம் வைத்து, தானே சமஸ்கிருதப் பஜனை பாடி, சின்தசைசர் வாசித்து, ஆசிரமத்துக்காரர்களுக்கென்று கேசட்டாகப் போட்டார். 2017-இல் அதிலிருந்து பொறுக்கி ஒரு தொகுப்பு வெளியானது. கைதட்டல், கோரஸ், மார்கழி பஜனைக்கும் அமெரிக்கச் சர்ச் பாட்டுக்கும் நடுவில் ஒரு இடம். அம்மாவுக்கு முதலாவதைவிட இது பிடித்தது. பல்லடத்துக்காரர் ஷெட்டிலும் இது எடுபடும், அந்தக் கைதட்டலுக்காகவே.

காங்கயத்து அக்கா, உங்கள் மாமா அத்தனை அடியையும் மனப்பாடமாக வைத்திருக்கிறார் என்றால் அவரையே பாடச் சொல்லிப் பதிந்துவிடுங்கள், போன் போதும். உடுக்கைக்குப் பக்கத்தில் மட்டும் போனை வைக்காதீர்கள், குரல் அமுங்கிவிடும். நாலடி தள்ளி, ஃபேனை நிறுத்திவிட்டு.