புதுப்பிப்பு: ஒரு வருட இலத்தீன் திட்டம்

மட்டக்களப்பில் இருந்துகொண்டு, வகுப்பு எதுவும் இல்லாமல், ஒரு வருடத்தில் அடிப்படை இலத்தீன் படிக்க எப்படித் திட்டம் போடலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கடைசியில் ஓர்பெர்க்கின் ‘ஃபமிலியா ரொமானா’ என்ற இலத்தீன் பாடநூலையே எடுத்தேன். முழுக்க இலத்தீனிலேயே போகும் கதை, 35 அத்தியாயங்கள். கிழமைக்கு ஒன்று என்றால் வருடத்தில் 17 கிழமை மிஞ்சும். அந்த மிச்சத்தை விட்டுவிடாதீர்கள், பிற்பகுதி அத்தியாயங்கள் அவ்வளவு சீக்கிரம் நகராது.

வேற்றுமைதான் பயமுறுத்தும் என்று சிலர் சொன்னீர்கள். எட்டு வேற்றுமை படித்த நமக்கு இலத்தீனின் ஆறு பெரிய விஷயமே இல்லை. கஷ்டம் வேறு இடத்தில். பெயர்ச்சொற்கள் ஐந்து வகை, வகைக்கு வகை உருபு மாறும். போதாததற்கு மேசைகூடப் பெண்பால், அதற்கேற்பப் பெயரடையும் மாற வேண்டும். அதனால் சொல்லை மட்டும் தனியாக மனப்பாடம் செய்யாமல் அதன் ஆறாம் வேற்றுமை வடிவத்தையும் பாலையும் சேர்த்தே படிக்கிறேன். அந்த வடிவத்தைப் பார்த்தாலே எந்த வகை என்று தெரிந்துவிடும். தொடங்குபவர்கள் முதல் நாளிலிருந்தே இப்படிச் செய்யுங்கள்.

வருடக் கடைசிக்கு யோவான் நற்செய்தியை வைத்திருக்கிறேன். வாக்கியங்கள் எளிமையானவை, கதையும் தெரிந்ததுதான். சீசர் எழுதியதெல்லாம் அப்புறம்.

புளியந்தீவுப் பக்கம் யாராவது சேர்ந்து வாசிக்க விரும்பினால் சொல்லுங்கள், சனிக்கிழமை பின்னேரம் எனக்குச் சரி.