கோல்டன் வீக்கில் ஜப்பான் சுற்ற ஜே.ஆர். பாஸ்: 7 நாளா, 14 நாளா? அவசரம்

புதுசா_வந்தவன்:
அண்ணன்மாரே, அக்காமாரே, கோல்டன் வீக் தொடர் லீவில், ஏப்ரல் 29 டோக்கியோவில் கிளம்பி பத்து நாளில் ஹொக்கைடோ, கியோட்டோ, ஹிரோஷிமா, ஒகினாவா எல்லாம் பார்க்கணும். நாலு பேர். நாடு முழுக்க ஜே.ஆர். ரயிலில் ஏற விடுற ஜே.ஆர். பாஸில் எது வாங்கலாம், 7 நாளா, 14 நாளா? ஹோட்டல் இன்னும் போடலை. இன்னிக்கு ராத்திரிக்குள்ள பணம் கட்டியாகணும், கை நடுங்குது.

கோட்டைமேடு:
14 நாளே எடுங்க. எங்க வேணா ஏறி இறங்கலாம், கணக்குப் பார்க்க வேண்டாம்.

நிஷிகசாய்வாசி:
கட்டாதீங்க! விசா என்னன்னு சொல்லவே இல்லையே? ரெசிடென்ஸ் கார்டு வச்சிருந்தா உங்களுக்கு அந்தப் பாஸ் கிடையாது. பாஸ்போர்ட்டில் ‘டெம்பரரி விசிட்டர்’ ஒட்டு இருக்கணும். ஆன்லைனில் பணம் போயிடும், ஸ்டேஷனில் மாத்தப் போகும்போது கவுண்டரில் நிறுத்திடுவாங்க. தகுதி இருந்தாலும் லாபம் சந்தேகம்தான். 2023 அக்டோபரில் 7 நாள் பாஸ் 29,650 யென்னிலிருந்து 50,000 ஆச்சு. டோக்கியோ–கியோட்டோ ஒரு வழி ஏறக்குறைய 14,000. நொசோமிங்கிற அதிவேகப் புல்லட் ரயிலில் ஏறணும்னா பாஸுக்கு மேல தனிக் காசு.

யாழ்_ஒசாக்கா:
ஓம், அவர் சொல்றது சரி. ஆனா தம்பி, இந்த நாலையும் பத்து நாளிலை பாக்கிறதெண்டால் பாதி நாள் வழியிலதான் போகும். ஷின்கான்சென் (புல்லட் ரயில்) ஹொக்கைடோவிலை ஷின்-ஹக்கோதாத்தே-ஹொக்குத்தோவோட நிக்குது. அதுக்கே நாலு மணித்தியாலம், சப்போரோவுக்கு மேலும் மூண்டரை. பிளேன் எண்டால் ஒண்டரை. ஒகினாவாவுக்கு ரயிலே இல்லை. இரண்டையும் வேற லீவுக்கு வையுங்கோ.

தி_நகர்_சிபா:
சுத்துறது இருக்கட்டும், முதல் வருஷம் காசைக் கையில வச்சுக்கங்க. வீடு மாத்தணும்னா ரெய்கின் (வீட்டுக்காரருக்கு நன்றிப் பணம்), ஷிகிகின் (டெபாசிட்), ஏஜெண்ட் கமிஷன், கேரண்டி கம்பெனி, பூட்டு மாத்துற காசு, எல்லாம் முன்பணம். ரெய்கின் திரும்பி வராது.

கோட்டைமேடு:
அதைக் கேளுங்க! ரெண்டு வருஷம் ஆனா புதுப்பிக்கிறதுக்கும் ஒரு மாச வாடகை. எதுக்குன்னு யாருக்கும் தெரியாது.

தி_நகர்_சிபா:
போகும்போது சுத்தம் செஞ்ச காசுன்னு ஷிகிகினும் பாதி போயிடும்.

நிஷிகசாய்வாசி:
வீட்டுக் கதைக்குத் தனி இழை திறங்கப்பா. கேட்டவர் எங்க?

புதுசா_வந்தவன்:
சொல்ல விட்டுப்போச்சு, மன்னிக்கணும். நானும் மனைவியும் வேலை விசா. கூட வர்றது அப்பா, அம்மா, விசிட்டர் விசா. சுத்த சைவம். அம்மாவுக்கு முழங்கால் வலி.

கனாசவாக்காரி:
இதைத்தான் முதல்ல சொல்லியிருக்கணும். அவங்க ரெண்டு பேரும் பாஸ் வாங்கலாம், நீங்க வாங்க முடியாது. இந்தப் பயணத்துக்கு அவங்களுக்கும் வேண்டாம்.

வட்டமா போங்க: டோக்கியோ, கனாசவா, கியோட்டோ, டோக்கியோ. ஸ்டேஷனில் மிதோரி நோ மாதோகுச்சிங்கிற ஜே.ஆர். டிக்கெட் கவுண்டரில் மூணையும் சேர்த்து ஒரே பயணச்சீட்டாக் கேளுங்க. தூரம் கூடக் கூட கிலோமீட்டருக்கான கட்டணம் குறையும், வழியில் இறங்கித் தங்கலாம். கியோட்டோவில் இறங்கினா பக்கத்து யமாஷினா–கியோட்டோ துண்டுக்கு மட்டும் தனிக் காசு. 100 கிலோமீட்டர் தாண்டி 200 வரை 2 நாள் செல்லும், அப்புறம் ஒவ்வொரு 200-க்கும் ஒரு நாள் கூடும். இந்த வட்டம் ஏறக்குறைய 1,170 கிலோமீட்டர், அதனால 7 நாள். எக்ஸ்பிரஸ் கட்டணச் சீட்டு மட்டும் ஒவ்வொரு ரயிலுக்கும் தனி. ஷின்கான்சென் சீட்டுப் போடுற ஸ்மார்ட் இ.எக்ஸ். ஆப்பில் இந்த வசதி கிடையாது. ஹிரோஷிமாவுக்குக் கியோட்டோவிலிருந்து தனிச் சீட்டு.

கவனம் வேண்டிய இடம் கனாசவாவுக்கும் கியோட்டோவுக்கும் நடுவில் இருக்கிற துசுருகா ஸ்டேஷன். 2024 மார்ச்சிலிருந்து ஷின்கான்சென் அங்கேதான் முடியுது. கியோட்டோவுக்குப் போற தண்டர்பேர்ட் எக்ஸ்பிரஸ் கீழ்த் தளத்தில் நிக்கும், மாற 8 நிமிஷம்தான் தருவாங்க. முழங்கால் வலிக்கு அது போதாது. லிஃப்ட் வரிசையிலேயே நேரம் போயிடும். அடுத்த வண்டிக்கு சீட்டுப் போடுங்க. தண்டர்பேர்ட் முழுக்க ரிசர்வ்டு.

சீட்டு ஒரு மாசம் முன்னாடி காலை 10 மணிக்குத் திறக்கும், மே 2-க்கு ஏப்ரல் 2. கோல்டன் வீக்கில் நொசோமியில் ரிசர்வ் இல்லாத பெட்டியே இருக்காது. நொசோமி நிறைஞ்சுட்டா அதைவிட அதிக ஸ்டேஷனில் நிக்கிற ஹிகாரி பாருங்க, அதில் ரிசர்வ் இல்லாத பெட்டி இருக்கும்.

யாழ்_ஒசாக்கா:
சாப்பாட்டுக்கு ஒரு சொல். ‘நிக்கு இல்லாமல்’ எண்டு கேட்டால் இறைச்சி மட்டும்தான் போகும், மீன் தாஷி (கொதிக்க வச்சு எடுத்த சாறு) அப்படியே வரும். சோபா, உடோன் நூடுல்ஸ், மிசோ சூப் எல்லாத்திலையும் கத்சுவோ மீன். ‘கத்சுவோ தாஷியும் வேண்டாம்’ எண்டு ஜப்பானிய எழுத்திலை அட்டை எழுதி வையுங்கோ. கோயில்கள் நிறைஞ்ச கோயாசான் மலையிலை ஒரு ராத்திரி கோயில் விடுதியிலை தங்கினால் ஷோஜின் எண்ட துறவிகளின்ரை சைவச் சாப்பாடு: கொம்பு எண்ட கடற்பாசி, ஷீத்தாகே காளான் தாஷி, வெங்காயம் பூடு கிடையாது. ஒசாக்கா நம்பாவிலிருந்து நன்காய் ரயில், பிறகு கேபிள் கார், பஸ். கேபிள் கார் நிலையத்திலிருந்து ஊருக்குள்ள நடக்க விடமாட்டினம், அதனாலை பஸ் நேரம் பாருங்கோ. அறையிலை கதிரை வேணுமெண்டு புக் பண்ணேக்கையே சொல்லுங்கோ. தரையிலை இருந்து எழும்ப அம்மாவுக்குக் கஷ்டம்.

புதுசா_வந்தவன்:
நாலு பெரிய சூட்கேஸ் இருக்கே?

கனாசவாக்காரி:
நீளம், அகலம், உயரம் கூட்டி 160 செ.மீ. தாண்டினா கியோட்டோ–டோக்கியோ பக்கத்தில் பின்வரிசை சீட்டோட லக்கேஜ் இடமும் சேர்த்துப் பதியணும். இல்லாட்டி 1,000 யென். அதுக்குப் பதிலா ஹோட்டல் கவுண்டரில் தக்குஹாய்பின் கேளுங்க, பெட்டியை அடுத்த ஊர் ஹோட்டலுக்கு அனுப்பிடலாம். கோல்டன் வீக்கில் ஒரு நாள் தாமதமாகலாம், ரெண்டு நாள் மாத்து உடையும் மாத்திரையும் கைப்பையில் இருக்கட்டும். அப்பா, அம்மா பாஸ்போர்ட், உங்க ரெசிடென்ஸ் கார்டு ரெண்டும் எப்பவும் உடம்போட இருக்கணும், சூட்கேஸில் போட்டு அனுப்பிடாதீங்க.