மாதிரி ஹெலிகாப்டருக்கு உள்ளே செய்யும் வேலைக்கு ஒரு சொல்: உள்நுணுக்கல்?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கும் ஐயா தொடங்கிய இழையில் இதுவரை வந்த சொற்களை எல்லாம் படித்தேன். பாகங்களாகப் பெட்டியில் வரும் மாதிரி ஹெலிகாப்டரை ஒட்டிக் கட்டும்போது, அதன் உடலுக்குள் பெட்டியில் வராத இருக்கை, வார், கம்பி, கருவிப் பலகை முதலியவற்றை நாமே செய்து பொருத்துகிறோமே, அந்த வேலைக்குத் தமிழில் என்ன பெயர் என்பது கேள்வி. வேலை என்ன என்பதைச் சரியாகப் பார்த்துவிட்டால் பாதிச் சொற்கள் தாமாகவே விலகிவிடும் என்று தோன்றுகிறது. அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்ததும் பெரிய பிள்ளைகள் சிலர் மாதிரி கட்டுகிறார்கள். இப்போது மேசையில் இருப்பது 1/72 அளவில் ஓர் ஓரிக்ஸ். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: பிரான்ஸின் பூமா ஹெலிகாப்டரை அடிப்படையாக வைத்து, சூப்பர் பூமாவில் உள்ள மாகிலா எஞ்சின்களைப் போட்டு, இந்த நாட்டிலேயே அட்லஸ் நிறுவனம் உருவாக்கியது ஓரிக்ஸ். டர்பனில் விமானப்படையின் 15ஆம் பிரிவு வைத்திருப்பதும் அதுதான். பயணிகள் விமானங்கள் 2010இல் வடக்கே புதிய நிலையத்துக்குப் போய்விட்டாலும் விமானப்படைத் தளம் பழைய இடத்திலேயே இருக்கிறது. ஆகவே எங்கள் பிள்ளைகளுக்கு அதன் சத்தம் பழக்கம். எடுத்துக்கொண்ட காட்சி 2000ஆம் ஆண்டு மொசாம்பிக் வெள்ளம். தென்னாப்பிரிக்க விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் மரத்திலும் கூரையிலும் ஒண்டியிருந்தவர்களைக் கயிற்றில் தூக்கி எடுத்தன அல்லவா, அது. கயிறு இறங்க வேண்டுமானால் பக்கவாட்டுச் சறுக்குக் கதவு திறந்திருக்க வேண்டும். கதவு திறந்திருந்தால் உள்ளே இருப்பது முழுதும் தெரியும். பெட்டியில் வந்ததோ ஒரு தட்டையான தரையும் சில இருக்கைகளும்தான்.

இங்கேதான் வேலை தொடங்குகிறது. முதல் தொல்லை சுவர். பிளாஸ்டிக் உடலின் தடிமன் 1 மில்லிமீட்டர் என்று வையுங்கள். 72ஆல் பெருக்கினால் நிஜத்தில் 7 சென்டிமீட்டருக்கு மேல். உண்மையான உடல் தகடோ ஒன்றிரண்டு மில்லிமீட்டரைத் தாண்டாது. அதனால் நிஜ அளவுகளை 72ஆல் வகுத்து இருக்கை செய்தால் உள்ளே நுழையாது. ஒன்று, கதவு விளிம்பைச் சுற்றி மட்டும் உட்புறமாகச் சுரண்டி மெலிதாக்க வேண்டும். கண் விளிம்பைப் பார்த்துத்தான் தடிமனை ஊகிக்கிறது, மற்ற இடத்தில் விட்டுவிடலாம். இல்லாவிட்டால் இருக்கைகளைக் கொஞ்சம் ஒடுக்க வேண்டும். நான் இரண்டையும் செய்யச் சொல்வேன்.

பிறகு சிறிய பொருள்கள். 5 சென்டிமீட்டர் அகல இருக்கை வார் இந்த அளவில் 0.7 மில்லிமீட்டர். கருவிப் பலகையில் 8 சென்டிமீட்டர் வட்டம் 1.1 மில்லிமீட்டர். அதற்குள் முள் வரைய முடியாது. கறுப்பு வட்டத்தில் வெள்ளைப் புள்ளி ஒன்று வைத்து, மேலே ஒரு சொட்டுப் பளபளப்பு வார்னிஷ் விட்டால் கண்ணாடி மூடியதுபோல் ஆகிவிடும். கேபின் சுவரிலும் கூரையிலும் கட்டம் கட்டமாகத் தைத்த ஒலித்தடுப்புத் துணி தொங்கும். சமையலறை அலுமினியத் தாளை மெத்தென்ற அட்டை மேல் வைத்து மழுங்கிய ஊசியால் கோடு இழுத்தால் அந்தத் துணி கிடைக்கும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். வெறும் பிளாஸ்டிக் சுவர் துணியாக மாறுவதைப் பார்த்த பிள்ளைகள் அப்புறம் மேசையை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

கறுப்பை அப்படியே பூசாதீர்கள் என்பது இன்னொன்று. இத்தனை சிறிய அறைக்குள் சுத்தக் கறுப்பு எல்லா விளிம்பையும் விழுங்கிவிடும். அடர் சாம்பல் போதும்.

மூக்கு எடையையும் மறக்கக் கூடாது. முன்சக்கரம் உள்ள ஹெலிகாப்டர் மாதிரி வால் பக்கம் சாய்ந்து உட்காராமல் இருக்க முன்னால் எடை வைக்க வேண்டும். உள்ளே வெறுமையாக இருந்தால் எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம். உள்ளே எல்லாம் செய்துவிட்டால் விமானியறைத் தரைக்கு அடியில் மட்டுமே இடம். மீன்பிடி ஈயக்குண்டுகளைத் தட்டித் தட்டையாக்கி அங்கே ஒட்டுகிறோம். டர்பனில் ஈயக்குண்டு இல்லாத வீடு எது? (பிள்ளைகள் ஈயத்தைத் தொட்டால் கை கழுவாமல் எழ விடாதீர்கள்.)

இத்தனையும் உடலின் இரண்டு பாதிகளையும் ஒட்டுவதற்கு முன்பே முடிய வேண்டும். ஒட்டியபின் விரல் போகாது. சொல் தேடும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, வந்த சொற்களுக்கு வருகிறேன்.

> உள்ளலங்காரம் என்று சொல்லலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும் தம்பி, ஆனால் வேறொன்றாகப் புரியும். அலங்காரம் என்றால் இல்லாததை அழகுக்காகச் சேர்ப்பது. படை ஹெலிகாப்டரின் கேபினில் அழகுக்காக எதுவும் இல்லை. அங்கே இருக்கும் தீயணைப்பானை நாமும் வைக்கிறோம், இல்லாத திரைச்சீலையை வைப்பதில்லை. நிஜத்தோடு ஒத்துப்போவதுதான் இந்த வேலையின் உயிர்.

> உட்புற விவரம்.

விவரம் சொல்லப்படுவது, எழுதப்படுவது. புகைப்படத்திலிருந்து நாம் குறித்து வைக்கும் பட்டியலுக்கு இது நல்ல பெயர். கையால் செய்த இருக்கையை விவரம் என்று சொல்ல நாக்கு வரவில்லை.

> நகாசு. நம் பொற்கொல்லர்கள் சொல். இதைவிட என்ன வேண்டும்?

ஐயா, இந்தச் சொல்லின் மேல் எனக்கும் ஆசை உண்டு. ஆனால் நகாசு என்பது பொருள் உருவான பிறகு அதன் மேற்பரப்பில் செய்யும் நுண்ணிய வேலை. நம்முடையது உடல் மூடுவதற்கு முன்பே நடக்கிறது, மூடியபின் பாதி மறைந்தும் போகிறது. வெளியே ஆணித்தலை வரிசை, தகட்டு இணைப்புக் கோடு, மழை வடிந்த கறை எல்லாம் செய்கிறோமே, அதற்கு நகாசை வைத்துக்கொள்வோம். நல்ல சொல்லை விடக் கூடாது.

> உள்வேலை.

நாங்கள் வகுப்பில் இப்போது இதைத்தான் சொல்கிறோம். பேச்சுக்குச் சரி. ஆனால் குழாய் பதிப்பவரும் மின்கம்பி இழுப்பவரும் செய்வதும் உள்வேலைதான்.

என் பரிந்துரை: உள்நுணுக்கல். நுணுக்கி எழுதுதல் என்பது எல்லாருக்கும் தெரிந்த வழக்கு. சிறிய இடத்தில், சிதையாமல், முழுமையாகச் செய்வது அதில் இருக்கிறது. அதைவிட முக்கியம், வினையாக ஓடுகிறது. ‘ஒட்டுவதற்கு முன் கேபினை நுணுக்கிவிடு’, ‘நுணுக்கிய விமானியறை’, ‘இந்தப் பக்கக் கதவு மூடித்தானே இருக்கும், நுணுக்க வேண்டாம்’. மேசையில் பேசுகிறபோது வினை இல்லாத சொல் செத்துப்போகும். பிள்ளைகள் உடனே ‘டீட்டெய்லிங்’ என்ற பழைய ஆங்கிலச் சொல்லுக்குப் போய்விடுவார்கள்.

அதுதான் எனக்குக் கவலை, மறைக்க விரும்பவில்லை. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து முதல் கப்பல் டர்பனுக்கு வந்தது முதல் தமிழ் இங்கே இருக்கிறது. ஆனால் இன்று எங்கள் பிள்ளைகள் பலருக்கு அது தேவாரம் பாடும்போதும் காவடி எடுக்கும்போதும் கேட்கும் மொழி. ‘அந்தக் கம்பியை வளை’, ‘பசை காயட்டும்’, ‘இடது பாதியைப் பிடி’ என்று கை வேலை செய்யும்போது வரும் மொழியாக இல்லை. இந்த மேசையில் அது வருகிறது. நடுவில் ஒரு சொல் இல்லாமல் தடுக்கி நிற்கக் கூடாது.

துணைச் சொற்கள் இரண்டு. ஒளி பட்டால் மாறும் பூச்சைப் பித்தளைத் தகட்டில் தடவி, படச்சுருள் வழியாக ஒளி காட்டி, வேண்டாத இடத்தை அமிலக் கரைசலால் அரித்து எடுத்த மெல்லிய பாகங்கள் கடையில் கிடைக்கின்றன. வார்க்கொக்கி, மிதிகட்டை எல்லாம் அப்படி வரும். அவற்றை ஒளியரிதகடு எனலாம். பெட்டியிலும் இல்லாமல் கடையிலும் வாங்காமல் நாமே பிளாஸ்டிக் பட்டை, செப்புக் கம்பி கொண்டு செய்வதைக் கையாக்கம் எனலாம். மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து

—

ஜோகன்னஸ்பர்க் அருகே லெனேசியாவிலிருந்து:

அண்ணா, உள்நுணுக்கல் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒன்றைச் சேர்க்கிறேன். நான் கட்டுவது அலூயட் 3. பெங்களூரில் உரிமம் பெற்றுக் கட்டிய சேத்தக்கும் இதே ஹெலிகாப்டர்தான் என்பதால் இந்திய நண்பர்களும் பார்த்திருப்பார்கள். நம் விமானப்படையில் 1962 முதல் 2006 வரை இருந்தது. அதற்கு முன்பக்கம் முழுதும் கண்ணாடி. கதவைத் திறந்தாலும் மூடினாலும் உள்ளே தெரியும். ஓரிக்ஸுக்கு நுணுக்குவது விருப்பம், அலூயட்டுக்குக் கட்டாயம். கண்ணாடிப் பாகத்தை ஒட்டும்போது உடனே ஒட்டும் சயனோஅக்ரிலேட் பசை (சூப்பர் குளூ) வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள், அதன் ஆவி கண்ணாடியில் வெள்ளையாகப் படியும். உள்ளே செய்ததெல்லாம் பனிக்குள் போய்விடும். வெள்ளைப் பசை நல்லது.

பிரிட்டோரியாவில் ஸ்வார்ட்கோப் அருங்காட்சியகத்தில் பூமாவும் அலூயட்டும் நிற்கின்றன. அடுத்த முறை போகும்போது பூமாவின் கேபின் கூரையைப் படம் எடுத்து அனுப்புகிறேன். தரையை எல்லாரும் எடுக்கிறார்கள், கூரையை யாரும் எடுப்பதில்லை.

—

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து:

தம்பி, நகாசுக்கு நீ கொடுத்த இடம் எனக்குச் சம்மதம். இலக்கணம் ஒன்று பாக்கி. உள் என்பதோடு நாக்கு சேர்ந்தால் உண்ணாக்கு. அந்தக் கணக்கில் உன் சொல் உண்ணுணுக்கல் ஆக வேண்டும். பிள்ளைகள் வாயில் அது நிற்காது. உள்நாடு, உள்நோக்கம், உள்நோயாளி என்று புணராமல் எழுதுவது இப்போது நிலைத்துவிட்டதால் உள்நுணுக்கல் என்றே விடலாம் என்பது என் முடிவு. யாராவது திருத்த வந்தால் என்னிடம் அனுப்பு.

—

டர்பன் அருகே ஃபீனிக்ஸிலிருந்து:

எனக்கு ஒரு தடை இருக்கிறது தம்பி. எங்கள் வீட்டில் ‘மிளகை நுணுக்கிப் போடு’ என்றுதான் ஆயா சொல்வார். நுணுக்குவது என்றால் பொடியாக்குவது. ‘கேபினை நுணுக்கிவிடு’ என்று சொன்னால் என் பேரன் சுத்தியலை எடுத்துக்கொண்டு வருவான். நுணுக்கம் என்ற பெயரில் அந்தக் குழப்பம் இல்லை. வகுப்பில் கற்பிக்கிற நாம், முதலில் கேட்பவருக்குத் தவறாகப் படுகிற சொல்லைக் கொடுக்கக் கூடாது. உள்நுணுக்கம் என்று வைத்து, ‘உள்நுணுக்கம் செய்’ என்று வினையாக்கினால் என்ன?

—

சாட்ஸ்வொர்த்திலிருந்து:

அக்கா, மிளகு எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் ‘உள்நுணுக்கம் செய்’ என்பது மேசைப் பேச்சுக்கு நீளம். இப்படிப் பிரித்துக்கொள்வோமா? செய்து முடித்த பொருளுக்கும் பட்டியலில் எழுதுவதற்கும் உள்நுணுக்கம். கடையில் கிடைக்கும் பாகத் தொகுப்பு உள்நுணுக்கத் தொகுதி. செய்கிற செயலுக்கு, உள் என்பதை விடாமல், உள்நுணுக்கு. ‘கேபினை உள்நுணுக்கு’ என்றால் மிளகு நினைவு வராது. நேற்று வகுப்பில் சொல்லிப் பார்த்தேன், யாரும் சுத்தியலைத் தேடவில்லை. ஒரு பெண் தானாகவே ‘உள்நுணுக்காத பக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கலாம்’ என்றாள். எதிர்மறையும் தடங்கல் இல்லாமல் வந்துவிட்டது.

லெனேசியாத் தம்பிக்கு: கூரைப் படம் கட்டாயம் வேண்டும். முடிந்தால் கதவின் மேல் தண்டவாளத்தையும் எடு. ஓரிக்ஸுக்கும் பூமாவுக்கும் அங்கே வேறுபாடு இருக்கலாம் என்பதால் டர்பன் தளத்தில் கண்காட்சி நாளில் நானும் பார்க்கிறேன்.

இன்னும் ஒரு சொல் தீரவில்லை. மெலிதாகக் கரைத்த கருஞ்சாயத்தை ஓடவிட்டு மூலைகளில் தங்கவைக்கிறோமே, வாஷ் என்கிறோம். ‘கழுவல்’ வேண்டாம், கழுவினால் அழுக்குப் போக வேண்டும், இதில் அழுக்குச் சேர்கிறது. ‘இடுக்குச்சாயம்’ என்று ஒரு பிள்ளை சொன்னான். எனக்குப் பிடித்திருக்கிறது. ஐயாவும் அக்காவும் பார்த்துச் சொல்லுங்கள்.