மும்பைக் கடலுக்குக் குடும்பத்தோடு போக: 19 அடி பவ்ரைடரா, 22 அடி சென்டர் கன்சோலா?

செம்பூர்வாசி:
வணக்கம். நான், மனைவி, 7 வயதிலும் 11 வயதிலும் இரண்டு பெண்கள், முழங்கால் வலியோடு 69 வயது அம்மா. ஞாயிற்றுக்கிழமைகளில் எலிபெண்டா தீவுப் பக்கமோ, எதிர்க்கரையில் இருக்கிற மாண்ட்வாவுக்கோ போய்வர, ஆறு வருடம் சேர்த்த பணத்தில் பழைய படகு வாங்கப் போகிறேன். பார்த்து வைத்திருப்பது இரண்டு, விலையும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஒன்று 19 அடி பவ்ரைடர். உள்ளே பெட்ரோல் எஞ்சின், ஸ்டெர்ன் டிரைவ் (பின்பக்கம் தண்ணீருக்குள் இறங்குகிற 'கால்' படகைத் தள்ளும்). முன்னாலும் மெத்தை இருக்கை; பெண்கள் ஏறி உட்கார்ந்தவர்கள் இறங்கவே மாட்டேன் என்றார்கள். மற்றது 22 அடி சென்டர் கன்சோல், அதாவது ஓட்டுகிற மேடை (கன்சோல்) நடுவில் இருக்கும்; பின்னால் வெளியே மாட்டிய 150 குதிரைசக்தி எஞ்சின் (அவுட்போர்டு). பார்க்க மீன்பிடிப் படகு மாதிரி, இருக்கையும் குறைவு. ஆனால் கன்சோலுக்குள் குனிந்து நுழைகிற சின்னக் கழிப்பறை உண்டு.

மனசு பவ்ரைடர் பக்கம்தான். போன மாதம் நண்பரின் படகில் மாண்ட்வாவிலிருந்து மதியம் மூன்று மணிக்குத் திரும்பினோம். அம்மா இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தபடி கேட்வே ஆஃப் இந்தியா படித்துறை வரை வாயே திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், "இனிமே நீங்க போயிட்டு வாங்கப்பா" என்றார். அம்மா வராத படகு எனக்கு எதற்கு? எதை எடுக்கலாம்?

பாம்பன் கரை:
தம்பி, ஊர் ராமேஸ்வரம் பக்கம், இங்கே மும்பையில் 14 வருடமாகப் படகு வேலை. சென்டர் கன்சோலை எடுங்கள். காலையில் துறைமுகம் குளம் மாதிரி கிடக்கும். மதியம் மேற்கிலிருந்து காற்று ஏறினால் குட்டை அலை அடுக்கடுக்காக வரும், அதோடு கப்பல்கள் கிளப்புகிற அலை வேறு. பவ்ரைடருக்கு அணியம் (முன்மூக்கு) தாழ்வு, திறந்தும் இருக்கிறது. ஒரு அலை மூக்கில் ஏறினால் தண்ணீர் நேராகப் பிள்ளைகள் மடியில். மற்றதில் தளத்துத் தண்ணீர் தானாக வெளியே வடியும்.

அப்புறம் எஞ்சின். ஸ்டெர்ன் டிரைவைத் தூக்கினாலும் கால் முழுசாக உப்புத் தண்ணீரை விட்டு வெளியே வராது. அதில் மடிப்பு மடிப்பான ரப்பர் உறை (பெல்லோஸ்) ஒன்று உண்டு, கிழிந்தால் கடல் படகுக்குள் வரும். அவுட்போர்டைச் சாய்த்தால் தண்ணீருக்கு மேலே நிற்கும். எதை வாங்கினாலும் ஒவ்வொரு பயணம் முடிந்ததும் நல்ல தண்ணீர் ஓடவிட்டு அலசுங்கள், மறக்கவே கூடாது.

வாஷி மீனா:
எங்களிடம் இருந்தது பவ்ரைடர்தான் அண்ணா, இரண்டே சீசனில் விற்றோம். ஏரிக்கு அருமையான படகு. இங்கே கழிப்பறை இல்லாமல் வயதானவர்களைக் கூட்டிப்போவது கொடுமை. மாமியார் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

ஏறி இறங்குவதையும் யோசியுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இங்கே கடல் 4 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். வற்றிய நேரத்தில் கேட்வேயின் கீழ்ப்படிகள் பாசி பிடித்து வழுக்கும், முழங்கால் வலிக்கு ஆகாது. தண்ணீர் ஏறியிருக்கும் நேரமாகப் பார்த்து ஏற்றுங்கள். அம்மாவைப் பின்பக்கம் உட்கார வையுங்கள், குலுக்கல் அங்கேதான் குறைவு.

செம்பூர்வாசி:
இருவருக்கும் நன்றி. சனிக்கிழமை சென்டர் கன்சோலை ஓட்டிப் பார்க்கிறேன், வேண்டுமென்றே மதியம் இரண்டரை மணிக்கு. பின்பக்கம் சாய்மான இருக்கையும் மேலே கூரைத்துணியும் போட எவ்வளவு ஆகும் என்றும் விசாரிக்கிறேன். பெண்களுக்குத்தான் முகம் வாடிவிட்டது. கழிப்பறை விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உள்ள தாழ்ப்பாள் இருக்கா?" என்று கேட்டார்.